நன்னாரி வேரும் விருத்தாம்பாள் மூக்கும்

விருத்தாம்பாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவள் உடம்பில் ஊர் பேசும்படி ஏதாவது உண்டென்றால் அது அவளுடைய கைதான். பதினான்கு வயதிலிருந்து முந்திரிக்கொட்டை உடைத்த கை. கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகை அழிந்து போயிருந்தது. ரேஷன் கடையில் விரல் வைக்கும் மிஷின் அவளை ஒரு ஆளாக ஒப்புக்கொண்டதே இல்லை. "யாருன்னே தெரியலங்குது அக்கா" என்று கடைக்காரர் சொல்லும்போதெல்லாம், "மிஷினுக்குத் தெரியாட்டி என்னா, உனக்குத் தெரியுதுல்ல, அரிசியப் போடு" என்பாள்.

அவள் மூக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வீட்டில் மூக்கு என்றால் அது அவள் கணவர் தேவநாதனின் மூக்கு.

ஊர் பண்ருட்டிக்குத் தெற்கே, முந்திரிக்காட்டுக்கு நடுவில். தேவநாதனுக்கு அங்கே ஒன்றரைக் காணி செம்மண் கொல்லை. கல்யாணமாகி விருத்தாசலத்துப் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு, இங்கே வந்தும் அதே முந்திரிக்கொட்டைதான் வேலை. சீசன் வந்தால் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகும். சோறு பிசைந்தால் உயிர் போகும். தேவநாதன் ஒன்றும் சொல்லமாட்டார். காட்டுப் பக்கம் போய் முந்திரி மரத்தடிப் புதரில் படர்ந்திருக்கும் நன்னாரியைத் தோண்டி வேர் கொண்டு வருவார். கழுவி, உலக்கையால் பட்டும் படாமலும் தட்டி, நடுவில் இருக்கும் வெள்ளை நரம்பை உருவி எறிந்துவிட்டு, மேல்தோலை மட்டும் போட்டுக் கஷாயம் வைப்பார். சாயங்காலம் அவள் வேலைவிட்டு வரும்போது டம்ளர் தயாராக இருக்கும். சீசன் முடியும்வரை தினமும் இது நடக்கும். புண் கஷாயத்தால் ஆறியதா, அந்த மனுஷன் உட்கார்ந்து ஆற்றிக் கொடுத்ததால் ஆறியதா என்று விருத்தாம்பாள் பிரித்துப் பார்த்ததில்லை.

'தானே' புயல் வந்து ஒரே ராத்திரியில் ஊர் முந்திரியை எல்லாம் படுக்க வைத்துவிட்டுப் போனபோது, விழுந்த இடத்தில் எல்லோரும் ஒட்டுக்கன்று வைத்தார்கள். கன்று காய்க்கும்வரை இடையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டார்கள், உளுந்து போட்டார்கள். தேவநாதன் மட்டும் காட்டிலிருந்து நன்னாரிக் கொண்டைகளை, கொடியும் வேரும் சேரும் முண்டுகளை, கொண்டு வந்து கன்றுகளுக்கு நடுவே நட்டார். "வேலியில கெடக்கற கொடிய எவனாவது பயிர் வெப்பானா?" என்று ஊரே சிரித்தது. விருத்தாம்பாளும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் அவளுக்கு அவர் எதற்காக அந்தக் கொடியைக் கையெட்டும் தூரத்துக்குக் கொண்டு வந்தார் என்று தெரியும். அதனால் அதிகம் சிரிக்கவில்லை.

நன்னாரி அவசரக்காரர்களுக்கான பயிர் இல்லை. ஐப்பசி மழையில் நட்டால் இரண்டு வருஷமாவது சும்மா விட வேண்டும். முந்திரி நிழல் விழ விழக் கொடி தெளிந்து வரும். மெல்லிசு இலை, நடுவில் வெள்ளைக் கோடு. வேர் மட்டும் பக்கவாட்டில் ஓடி, முந்திரி வேருக்குள் புகுந்து, கயிறு மாதிரி பின்னிக்கொண்டு கிடக்கும். தை பிறந்து மண் ஈரம் காயுமுன் கடப்பாரையால் ஓரத்திலிருந்து நெம்பி எடுக்க வேண்டும். எடுக்கும்போது கொண்டையோடு ஒரு சாண் வேரை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும், அதுதான் மறுபடி துளிர்க்கும். தேவநாதன் இரண்டு சாண் விடுவார். கேட்டால், "அதுவும் பொழைக்கட்டுமே" என்பார்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பால்கொடி என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு வேண்டுதலே நன்னாரி பக்கத்தில் முளைப்பதுதான். அதையும் கிள்ளினால் பால் வரும், அதன் வேரும் அதே கனம், அதே நிறம். இலை இருக்கும்வரை கண்டுபிடித்துவிடலாம். தை மாசத்தில் ஆடு மேய்ந்து பாதி இலை போயிருக்கும். மண்ணுக்கடியில் இரண்டு வேரும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். அப்போது பிரிப்பதற்கு ஒரே வழிதான். வேரைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி மோந்து பார்க்க வேண்டும். நன்னாரிக்கு வாசனை உண்டு, பால்கொடிக்குக் கிடையாது. பால்கொடியைத் தின்றால் யாரும் சாகமாட்டார்கள், ஆனால் எந்த நோவுக்காகக் குடிக்கிறார்களோ அது அப்படியே இருக்கும்.

இங்கேதான் தேவநாதனின் மூக்கு பேர் வாங்கியது. சுரண்டுவார், கண்ணை மூடுவார், "ம்" என்பார். அவ்வளவுதான், அது நன்னாரி. "ம்" வரவில்லை என்றால் வேர் தூரப் போய் விழும். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர்கள் மூட்டை இறக்கும்போது அவருக்குப் போன் போட்டுக் கூப்பிடுவார்கள். ஒருமுறை நான்கு மூட்டையை ஓரமாகத் தள்ளி, "இது வேணாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கொண்டு வந்த வியாபாரி கத்தினானாம், கடைக்காரர் தேவநாதன் பக்கம் நின்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு ஒரு சுற்று பெருத்திருந்தது. பேச்சு குறைவான மனுஷனுக்கு அதிகம் பேசவேண்டிய அவசியம் இல்லாத ஒரு பெருமை வாய்த்திருந்தது, பாவம்.

கொரோனாவின் இரண்டாவது வருஷம் அது போய்விட்டது.

இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் காய்ச்சல் வந்தது. ஒன்றாகத்தான் மூக்கும் செத்தது. பதினைந்து நாளில் விருத்தாம்பாளுக்கு ரசத்தின் பெருங்காயம் தெரிந்தது, ஓடிப் போய்ச் சொன்னாள். "எனக்கும் வந்துடுச்சி" என்றார் தேவநாதன். அவளும் நம்பினாள். பிறகு ஆனி மாசம் ஒரு பலாப்பழம் வந்தது. உள்ளறையில் உருட்டி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அது பழுத்துப் பிளந்து, தெருமுனையில் போகிறவர்கள் எல்லாம் "யாரு வூட்ல பழம்?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். தேவநாதன் அந்தப் பழத்துக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலால் அதைத் தட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாளு ஆவட்டும்" என்றார்.

விருத்தாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் அவருக்குத் தெரியாமல் அவர் பின்னாலேயே கொல்லைக்குப் போனாள். அவர் ஒரு கொடியைக் கிளப்பி வேரைச் சுரண்டி மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார். மறுபடி சுரண்டினார். மறுபடி மோந்தார். தோலே இல்லாமல் போகும்வரை சுரண்டினார். பிறகு வேரை மடியில் வைத்துக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். முப்பது வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அவருடைய அம்மா செத்த அன்றைக்கு மட்டும்தான். விருத்தாம்பாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து அடுப்பைப் பற்ற வைத்து, எதற்குப் பற்ற வைத்தோம் என்று தெரியாமல் நின்றாள்.

அந்த வாரமே முந்திரி உடைப்பதை விட்டுவிட்டாள். "கை எரியுது மாமா, இனிமே என்னால ஆவாது. உங்க கூடவே கொல்லைக்கு வர்றேன்" என்றாள். மகள் கம்மாபுரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள், மகன் சிப்காட்டில் ஷிப்டு பார்த்துக்கொண்டு கடலூரிலேயே இருக்கிறான், வீட்டில் தனியாக என்ன செய்வது என்று காரணமும் சேர்த்துச் சொன்னாள். ஒரு பொய்க்கு ஒரு காரணம் போதும் என்பது அவளுக்குத் தெரியாது. தேவநாதன் இன்னொரு கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவர் தோண்டுவார். வேரை அவள் முதலில் வாங்கிக்கொள்வாள், மண் தட்டித் தருகிறேன் என்று. தட்டும்போதே நகத்தால் ஒரு கீறல். பிறகு முகத்து வேர்வையைத் துடைப்பது போல முந்தானையை மூக்குவரை கொண்டு போவாள், முந்தானைக்குள் வேர் இருக்கும். வாசனை வந்தால் அவர் கையில் கொடுப்பாள். வராவிட்டால் முதுகுக்குப் பின்னால் வேலிக்குப் போய்விடும். அவர் வாங்கிச் சுரண்டி, கண்ணை மூடி, "ம்" என்பார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படியே மூன்று வருஷம் போனது. "நம்ம கொல்லையில பால்கொடி சுத்தமா அத்துப் போச்சி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தேவநாதன் சொல்லிக்கொள்வார். விருத்தாம்பாள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வாள். கடலூரிலிருந்து போன் வந்தால் மட்டும் "முட்டி வலி, வர முடியாது" என்று சொல்லிவிடுவார்.

ஒன்றுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மோந்து மோந்து அவளுக்கு அந்த வாசனை பிடித்துப் போயிற்று. ஒரு வேர் மாதிரி இன்னொன்று இல்லை என்று தெரிந்தது. மேட்டில் எடுத்தது ஒரு விதம், முந்திரி அடியில் எடுத்தது ஒரு விதம். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கும். சொல்லக்கூடிய ஒரே ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், அவரிடம் மட்டும் சொல்லக்கூடாது. குழம்பு மணக்குது, பூ மணக்குது என்ற பேச்சையே அவள் அந்த வீட்டில் விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் தை மாசம். சிதம்பரத்தில் எழிலரசி என்று ஒரு சித்த மருத்துவர், முப்பத்தைந்து வயது இருக்கும், சொந்தமாகச் சின்ன வைத்தியசாலை நடத்துகிறார். வெயில் காலத்துக்கு முன்னால் வருஷா வருஷம் நன்னாரி மணப்பாகு காய்ச்சி வைத்துக்கொள்வார். உடம்புச் சூடு, நீர்க்கடுப்பு, கட்டி என்று சித்திரையில் வரும் கூட்டத்துக்கெல்லாம் அதுதான். அதற்கு வேர் தேவநாதன் கொடுப்பது. "உங்க வேருன்னா நான் பிரிச்சிப் பாக்கறதே இல்லீங்கய்யா, அப்படியே இடிக்கக் குடுத்துடுவேன்" என்று டாக்டர் சொன்னதைத் தேவநாதன் வீட்டில் வந்து நாலு தடவையாவது சொல்லியிருப்பார். இந்த முறை ஐந்து கிலோ, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று போன் வந்தது.

போன் வந்த அன்றைக்கே விருத்தாம்பாளுக்கு ஜலதோஷம் பிடித்தது. சாதாரண ஜலதோஷம் இல்லை, இரண்டு பக்கமும் சிமென்ட் வைத்துப் பூசியது போல மூக்கு அடைத்துக்கொண்டது. மிளகு ரசம் குடித்தாள், வெறும் வெந்நீர் மாதிரி இருந்தது.

காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டே தேவநாதன் கேட்டார். "என்னா விருத்தா, மூஞ்சியெல்லாம் ஊதிக் கெடக்குது?"

"தூசி மாமா."

"நாளைக்கித் தோண்டிக்கலாமா? எனக்கும் தோள்பட்ட வலிக்குது."

நாளைக்கும் மூக்கு திறக்காவிட்டால்? நாளை மறுநாளைக்கும் தள்ளிப் போட்டால் அவர் ஏன் என்று யோசிப்பாரே. யோசித்தால் மூன்று வருஷத்து ரகசியம் வெளியே வந்துவிடுமே. "காய வெக்க நாளு வேணாமா? டாக்டரம்மா வெள்ளிக்கெழம கேட்டிருக்காங்க. தோண்டுங்க" என்றாள், கொஞ்சம் அதட்டலாகவே.

அன்றைக்கு அந்தக் கொல்லையில் நடந்ததை யாராவது பார்த்திருந்தால் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகியிருக்கும். அவள் வேரைச் சுரண்டி, முந்தானைக்குள் வைத்து, ஒன்றும் தெரியாமல், தெரிந்தது போலத் தலையாட்டிக் கொடுத்தாள். அவர் வாங்கி, சுரண்டி, கண்ணை மூடி, "ம்" என்றார். காய்ந்தால் ஐந்து கிலோ தேறும் அளவு வேரும் இப்படித்தான் கூடைக்குள் போயிற்று. கண்ணால் பார்த்தே சிலதை வேலிக்கு எறிந்தாள். எறிந்தது எது, கொடுத்தது எது என்று சத்தியமாக அவளுக்குத் தெரியாது. கழுவிப் போட்ட வேர் நிழலில் நான்கு நாள் காய்ந்தது. நான்கு நாளும் மூக்கு திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் தேவநாதன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு அவள் நொச்சி இலையை அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்து, போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடித்தாள். நான்காவது மூச்சில் பொட்டென்று ஒரு பக்கம் திறந்தது. நொச்சி வாசனை குப்பென்று ஏறியது. எழுந்து நேராகப் போய் முறத்தை எடுத்தாள். மூட்டை கட்டும்போது உதிர்ந்த துண்டுகள் அதில் கொஞ்சம் கிடந்தன. ஒன்றைச் சுரண்டினாள், நன்னாரி. அடுத்தது, நன்னாரி. அதற்கடுத்தது ஒன்றுமே இல்லை, காய்ந்த குச்சி. பத்துத் துண்டில் மூன்று அப்படி.

பத்துக்கு மூன்று என்றால் மூட்டையில் எவ்வளவு? டாக்டர் பிரித்துப் பார்க்கமாட்டார், அப்படியே இடிக்கக் கொடுத்துவிடுவார். நோயாளிகள் சித்திரை வெயிலில் வந்து நம்பிக் குடிப்பார்கள். இல்லாவிட்டால் இடிக்கிற இடத்தில் யாராவது கண்டுபிடித்து, "தேவநாதன் வேருல கலப்படம்" என்பார்கள். அந்த ஒரு சொல்லை அவர் தாங்குவாரா? மூக்கு போனதைத் தாங்கிக்கொண்டவர் இதைத் தாங்கமாட்டார்.

போன் செய்யலாம். செய்து என்ன சொல்வது? டாக்டர் நம்பர் அவர் போனில்தான் இருக்கிறது. அவரிடம் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். விருத்தாம்பாள் புடவையை மாற்றாமல், தலையை வாரிக்கொள்ளாமல், வீட்டைப் பூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். எப்போதும் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸுக்காக ஒரு மணி நேரமானாலும் நிற்கிறவள், முதலில் வந்த பிரைவேட் பஸ்ஸில் ஏறினாள்.

வடலூரில் பஸ் மாறினாள். சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று போகிற வழியெல்லாம் பொய் யோசித்துக்கொண்டே போனாள். மூட்டைக்குப் பக்கத்தில் எலி மருந்து வைத்திருந்தேன் என்று சொல்லலாமா? சொன்னால் டாக்டர் போலீசைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார். பூனை அசிங்கம் பண்ணிவிட்டது என்றால்? அதற்கும் அவர்தானே அவமானப்படவேண்டும். அவள் தலையில் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு பொய் வேண்டும். கலந்தது நான்தான், எடை கூடட்டும் என்று அவருக்குத் தெரியாமல் கலந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். திருட்டுப் பொம்பளை என்பார்கள், என்றுவிட்டுப் போகட்டும். அவர் பெயர் நிற்குமே. புவனகிரி பாலம் தாண்டும்போது அவள் இதையே முடிவு செய்துகொண்டாள். முடிவு செய்த பிறகு நெஞ்சு லேசானது, கண் மட்டும் நிறைந்தது. பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலை மூடவா என்று கேட்டாள். "ஜலதோஷம்மா, ஒண்ணுமில்ல" என்றாள் விருத்தாம்பாள்.

சிதம்பரத்தில் இறங்கி, விசாரித்து, மேலவீதியை ஒட்டிய சந்தில் வைத்தியசாலையைக் கண்டுபிடித்தபோது மணி பத்தரை, கதவு திறந்து அரைமணிதான் ஆகியிருந்தது. வெளி வராந்தாவில் பெஞ்சு போட்டு நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். வாசலில் வார் தைத்த அவருடைய செருப்பு இருந்தது. டாக்டர் அறைக்குக் கதவு இல்லை, ஒரு திரைதான். அவள் திரையைத் தொடப் போனாள், உள்ளே அவர் குரல் கேட்டது.

"மூணு வருஷமா எனக்கு எந்த வாசனயும் தெரியாதும்மா."

கை அப்படியே நின்றது.

"என்னய்யா சொல்றீங்க?" இது டாக்டர். "போன வருஷம் வந்த வேரு கூட அவ்வளவு சுத்தமா இருந்துச்சே? இடிக்கற எடமே மணந்துச்சே."

"அது என் மூக்கு இல்லம்மா. அது எங்க வூட்ல இருக்காளே, விருத்தாம்பா, அவ மூக்கு. மூஞ்சி தொடைக்கற மாதிரி முந்தானய எடுத்துக்கிட்டுப் போயி அதுக்குள்ள வெச்சி மோந்துடுவா. நல்லத எங்கிட்ட குடுத்துட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருப்பா. நானும் கண்ண மூடிக்கிட்டு 'ம்'னுடுவேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா."

"அவுங்க கிட்ட நீங்க சொல்லலையா?"

"எப்படிம்மா சொல்றது? நான் வெசனப்படக் கூடாதுன்னு கை வேலய வுட்டுட்டு வந்து ஒருத்தி இவ்வளவு பாடு படறா. 'எனக்கு எல்லாம் தெரியும் போடி'ன்னு சொன்னா அவ மனசு என்னா ஆவும்? அதான் நானும் ஒண்ணும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். இந்த வாரம் அவளுக்கு ஜலதோஷம். மூக்கு சுத்தமா அடச்சிக்கிச்சி. நாளைக்கித் தோண்டலாம்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. அதுக்கு மேல எப்படிச் சொல்றது? இந்த மூட்டையில எவ்வளவு பால்கொடி இருக்குதுன்னு எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நீங்க மோந்து பாத்து எடுத்துக்குங்க, இல்ல அப்படியே கொட்டிடுங்க. எனக்குக் காசு வேணாம். ஒண்ணே ஒண்ணு, எப்பனா அவ வந்து கேட்டா, வேரு நல்லா இருந்துச்சின்னு மட்டும் சொல்லிடுங்க."

விருத்தாம்பாள் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்த பொய்கள் எல்லாம் எங்கே போயின என்றே தெரியவில்லை. மூன்று வருஷமாக அவள் முகத்தைத் துடைத்ததெல்லாம், திரும்பிக்கொண்டு சிரித்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பால்கொடி அத்துப் போச்சி என்று ஊரெல்லாம் சொன்னாரே, அது அவள் மூக்கை மெச்சித்தான். வெட்கமாக இருந்தது. கோபமாகக்கூட இருந்தது, இந்த மனுஷனுக்கு இவ்வளவு கள்ளத்தனமா என்று. அதையெல்லாம் தாண்டி, இந்த ஆளைக் கட்டிக்கொண்டதற்கு எந்தக் கோயிலில் என்ன பண்ணியிருப்போம் என்று நினைப்பு வந்தது. பெஞ்சில் இருந்த ஒரு கிழவர், "டோக்கன் வாங்கிட்டியாம்மா?" என்று கேட்டார். அவள் திரையை விலக்கினாள்.

தேவநாதன் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். திருடும்போது அகப்பட்டவர் மாதிரி வாய் திறந்து திறந்து மூடியது. "நீ... எப்ப வந்த?"

"கொஞ்சம் முன்னாடி."

எவ்வளவு முன்னாடி என்று அவர் கேட்கவில்லை. அவள் முகத்தில் அது எழுதியிருந்தது. டாக்டர் எழிலரசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்டிக்காரப் பெண், நாற்காலியை ஓரமாகத் தள்ளி இடம் விட்டார்.

"நவுருங்க மாமா" என்றாள் விருத்தாம்பாள். "மூக்கு தெறந்துடுச்சி."

சிமென்ட் தரையில் உட்கார்ந்து மூட்டையின் கயிற்றை அவிழ்த்தாள். டாக்டர் இரண்டு தாம்பாளம் கொண்டு வந்து வைத்தார். விருத்தாம்பாள் முதல் வேரை எடுத்துச் சுரண்டினாள். முந்தானை பக்கம் கை போயிற்று, பழக்கம். பாதியில் நிறுத்தினாள். எல்லோரும் பார்க்க, நேராக மூக்கில் வைத்து மோந்தாள். வலது தாம்பாளத்தில் போட்டாள். அடுத்தது இடது. அதற்கடுத்தது வலது.

தேவநாதன் மெதுவாக அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, டாக்டருக்குக் கேட்கக்கூடாது என்பது போலத் தாழ்ந்த குரலில், "விருத்தா" என்றார்.

"ம்?"

"எப்படி இருக்குது?"

அவளுக்குப் புரியவில்லை. "எது?"

"வாசன. எப்படி இருக்குதுன்னு சொல்லு. மறந்துட்டேன் விருத்தா. ராத்திரியில படுத்துக்கிட்டு நெனச்சி நெனச்சிப் பாக்கறேன், வர மாட்டேங்குது."

அவள் கையில் இருந்த வேரை மறுபடி மூக்கில் வைத்தாள். "நல்லா இருக்குது" என்றாள். அவர் இன்னும் காத்திருந்தார். நல்லா இருக்குது என்று சொன்னால் இந்த மனுஷனுக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்கே தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்து மோந்தாள்.

"கோட மழ மொத தூத்தல் வுழுந்தா நம்ம செம்மண்ணு வரும்ல, அது கொஞ்சம். வெல்லம் காச்சற எடத்தத் தாண்டிப் போனா தொண்டையில இனிக்கும்ல, அது கொஞ்சம் ஜாஸ்தி. கடைசில பச்ச மரத்த அப்பத்தான் அறுத்த மாதிரி ஒண்ணு வருது மாமா. இது முந்திரி அடியில எடுத்தது. மோட்டுல எடுத்ததுல அந்தக் கடைசி வராது."

தேவநாதன் கண்களை மூடியிருந்தார். மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"அடுத்தது?" என்றார்.

வெளியே டோக்கனோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் எழுந்து போய், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார். மூட்டையில் ஐந்து கிலோ வேர் இருந்தது. விருத்தாம்பாள் ஒன்றைக்கூட விடாமல் சொன்னாள்.